தலைவாசலுக்குக் கீழே ஒரு சாலைக் காசு

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது, நினைவு நாளை உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் அச்சிடுகிறோம், அதில் நீங்களும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். "அவரு குணத்தையெல்லாம் எழுதுங்க அம்மிணி. அந்தச் சண்டையை மட்டும் உட்டுருங்க" என்றும் சொன்னார். சண்டையை விட்டுவிட்டு அண்ணனின் குணத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணி மன்னிக்க வேண்டும்.

"ஒரு பழங்காசுக்காகத் தங்கச்சி வீட்டையே இடித்தவர்" என்று அண்ணனைப் பற்றி நம் உறவில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சை முதன்முதலில் பேசியவள் நான்தான். நடுத்தெருவில், பத்துப் பேர் கேட்கும்படி பேசினேன். இன்று இந்த மலரைப் படிக்கும் அத்தனை பேர் முன்னிலையிலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

அண்ணன் பிறந்தது அன்னூருக்கு வடக்கே, பேருந்து நிற்காத ஒரு சிற்றூரில். எங்கள் அய்யனுக்கு நான்கு ஏக்கர் மேட்டாங்காடும் ஒரு மாட்டு வண்டியும் இருந்தன. அண்ணனுக்கு எட்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். பிறந்தது வீட்டிலும் அல்ல, ஆஸ்பத்திரியிலும் அல்ல. அம்மாவுக்கு வலி எடுத்ததும் அய்யன் வண்டி பூட்டியிருக்கிறார். ஐப்பசி மழை. இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கி, வண்டி நின்றுவிட்டது. எட்டு வயது அண்ணன் வேலியோரம் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் கல் போட்டு முடிப்பதற்குள் நான் வண்டிக்குள் பிறந்துவிட்டேன். "நான் போட்ட மொத ரோடு ரெண்டு முழந்தான். அதுவும் பத்தல, இவ பொறந்துட்டா" என்று பிற்காலத்தில் யாரைக் கண்டாலும் சொல்வார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பின்பும், "ரோட்டுல பொறந்தவளே" என்றுதான் கூப்பிட்டார்.

அண்ணன் பத்தாவது படிக்கும்போது அய்யன் போய்விட்டார். காட்டு வேலை, மாடு, என் படிப்பு எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அதற்கு நடுவில் பீளமேட்டில் ஓர் உறவினர் வீட்டு மொட்டை மாடி அறையில் தங்கி, காலையில் மில் கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்தார். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்த அன்று அம்மா காலில் விழுந்தார். அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்த இட்டேரிக்குத் தார் போடுவியா கண்ணு?" அது பஞ்சாயத்துத் தடம், என் துறை இல்லையம்மா என்று அண்ணன் பதில் சொன்னார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. சட்டம் என்றால் அண்ணனுக்குப் பெற்ற தாயும் ஒன்றுதான், ஊரானும் ஒன்றுதான். அதை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சாலை என்றால் அவருக்குப் பித்து. என் கல்யாணத்தன்று சோமனூருக்குப் போகும் வழியில், பெண் வீட்டார் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, விரிசல் விட்ட ஒரு சிறு பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று மாமா கத்துகிறார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் கீழிருந்து, "சித்த பொறுங்க மாமா, தண்ணி எங்க கசியுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்கிறார். கழுத்தில் மாலையோடு வேனில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் எப்படிப் பழங்காசு சேர்க்கப் போனார் என்று பலர் கேட்டதுண்டு. ஒரு பாலத்துக்குக் குழி தோண்டும்போது கூலியாட்களின் கடப்பாரையில் ஒரு மண் கலயம் இடறியது. உள்ளே வெள்ளிக் காசுகள். நம் கொங்கு மண்ணில் ரோமாபுரிக் காசு கிடைப்பது புதிதில்லை, மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் கடல் தாண்டி வந்தவை என்று சொல்வார்கள். அண்ணன் கலயத்தைத் தன் துண்டால் மூடிக் கட்டி, தாசில்தார் ஜீப் வரும்வரை சாப்பிடக்கூட எழுந்து போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு காசு குறையாமல் சர்க்காரிடம் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க வந்த தொல்லியல் அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில், ரோமப் பேரரசர்கள் சிலர் சாலை போட்டதைக் கொண்டாடவே தனியாக வெள்ளிக்காசு அடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பியைக்கூட மறந்து அதையே பேசினார். "ரோடு போட்டதுக்குக் காசு அடிச்சிருக்கானுங்க அம்மிணி! நாங்க போட்டா மெமோதான் அடிக்கறாங்க." அந்தக் கலயத்தில் அப்படி ஒரு காசு இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "குடுத்திருப்பேன் மாப்ளே. ரெண்டு நாளைக்குச் சோறு எறங்கியிருக்காது, அவ்வளவுதான்" என்றார்.

அதன் பிறகு அண்ணன் சாலைக் காசு மட்டும் சேர்த்தார், வேறொன்றும் சேர்க்கவில்லை. கோவையில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் நாணயக்காரர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போவார். மற்றவர்கள் காசை எடுத்தால் ராஜா தலையைப் பார்ப்பார்கள். அண்ணன் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பல வருடங்களில் அவருக்குக் கிடைத்தவை நான்கே நான்கு. பாலத்தின் மேல் வளைவு வாசல் நிற்கும் காசுகள் மூன்று. மைல்கல் போல ஒரு கல்லும் அதன்மேல் எழுத்துகளும் உள்ள காசு ஒன்று. "இத பாரு, மைல்கல்லைக் காசுல போட்ட சர்க்கார்!" என்று பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்து அழுத்துவார். பேரரசர்களின் பெயர்களையும் சொல்வார். அவை என் வாயில் இன்றுவரை நுழைந்ததில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்று அவர் தவமாய்த் தவம் கிடந்தார். அதில் சாலையே ஒரு பெண்ணாக, முழங்கால்மேல் ஒரு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பாளாம். புத்தகத்தில் படத்தைக் காட்டினார். "ரோடு போட்டவன் வெயில்ல நிக்கறான், ரோடு மட்டும் மகராணியாட்டச் சாஞ்சுக்கிச்சாக்கும்?" என்று நான் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவளுக்குச் சக்கரக்காரி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சோமனூர் சாலையோரம் வீடு கட்டினோம். பின்னால் தறிக்கூடம், முன்னால் வீடு. தலைவாசலுக்கு வாசக்கால் என்கிற கதவு நிலையை நிறுத்தும் நாள் குறித்தாயிற்று. வாசக்காலின் அடியில் நவதானியமும் மஞ்சளும் பாலும் விடும்போது, பிறந்த வீட்டுச் சீராக ஒரு வெள்ளிக்காசும் வைப்பது எங்கள் வழக்கம். அதை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அவர் பெங்களூர் நாணயக் கண்காட்சியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தோள்பையை என்னிடம் கொடுத்து, "மழை வர்றாப்புல இருக்குது, இதைப் பத்தரமா வை, காத்தால வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பீளமேட்டில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் வீடு எழும்புகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மழையில் எங்கோ ஒரு சாலை அரித்துவிட்டது என்று அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணி மட்டும் தட்டோடு வந்தார். காசு அண்ணனிடம் இருக்கிறது என்றார். நல்ல நேரம் முடியப் போகிறது, மேஸ்திரி கலவையைக் குழைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஒரே பதற்றம். அண்ணனின் பையைத் திறந்தேன். ரோஸ் தாளில் மடித்து ஒரு வெள்ளிக்காசு இருந்தது. ஆனால் கருத்துப்போய்க் கிடந்தது. புது வீட்டுக்குக் கருத்த வெள்ளியையா வைப்பது? வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்க்கிற கைதானே! திருநீற்றை அள்ளி, பளபளவென்று வரும்வரை தேய்தேய் என்று தேய்த்தேன். அவசரத்தில் அதில் என்ன உருவம் என்றுகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து குழிக்குள் வைத்தேன். மேஸ்திரி கலவையைப் போட்டு வாசக்காலை நிறுத்தினார். பெண்களெல்லாம் குலவையிட்டோம்.

அரை மணி நேரம் கழித்து, சேற்றுக்காலோடு அண்ணன் வந்தார். சட்டைப் பையிலிருந்து லட்சுமி படம் போட்ட புத்தம்புது வெள்ளிக்காசை எடுத்து நீட்டினார்.

"நேரமாயிருச்சா அம்மிணி? காசு வெக்காமயே நிறுத்திப்போட்டீங்களா?"

"வெச்சாச்சுங்ணா. உங்க பையில இருந்துச்சே, அதை வெச்சுப்போட்டேன். கருப்பா இருந்துச்சுங்ணா, திருநீறு போட்டுத் தேச்சு வெச்சேன். கண்ணாடியாட்ட ஆயிருச்சு!"

அண்ணன் நீட்டிய காசைச் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். வாசக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "திருநீறு போட்டா தேச்சே?"

புதைத்ததைக்கூட அவர் கேட்கவில்லை. தேய்த்ததைத்தான் கேட்டார். பழங்காசைத் தேய்த்தால் அதன் மதிப்பே போய்விடுமாம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்களை, மாற்றுக் கொடுப்பதற்கென்றே ஒரு டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அத்தனையையும் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாகச் சக்கரக்காரியை வாங்கி வந்திருக்கிறார் என்று அண்ணி அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. முழுசாக ஒரு நாள்கூட அது அவர் கையில் இருக்கவில்லை. ஈரக் கலவைதான், இப்போதே எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி கரண்டியை எடுத்தார். அண்ணன் தடுத்தார். "நிறுத்தின வாசக்காலை அசைக்கக் கூடாதுங்க மேஸ்திரி. அது அங்கயே இருக்கட்டும்." பந்தியில் உட்கார்ந்து, எப்போதும் போல இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு கணம் நிற்பார். "சக்கரக்காரி சவுக்கியமா?" என்று வாசற்படியைக் கேட்டுவிட்டுத்தான் காலைத் தாண்டி வைப்பார். என் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

சில வருடங்களில் அந்தச் சாலையை அகலப்படுத்த உத்தரவு வந்தது. கோடு வரைந்தது மேலிடம். அதைத் தரையில் அளந்து சுண்ணாம்பு போட்டுக் காட்டுகிற வேலை அண்ணனுக்கு வந்து சேர்ந்தது. கோடு எங்கள் வீட்டின் முன்பக்கத்தை வெட்டிக்கொண்டு, சரியாகத் தலைவாசல் மேலேயே போனது. எதிர்ப்பக்கம் வெறும் சோளக்காடு, ஓர் அம்மாவுக்குச் சொந்தமானது. "மச்சான், அக்கட்ட ரெண்டு கஜம் தள்ளச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை எழுதினா நடக்குமுங்களே" என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கட்ட அந்தம்மா கெணறு இருக்குது மாப்ளே. ஊடு போனா சர்க்கார் குடுக்கறத வெச்சுப் பின்னால தள்ளிக் கட்டிக்கலாம். கெணறு போனா அவுங்க காடே போச்சு. என்ற தங்கச்சி ஊடுங்கறதுக்காகக் கோட்டை வளைக்க முடியுங்களா?"

அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. கோபம் கண்ணை மறைத்தது. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களெல்லாம் நின்றுகொண்டிருந்த தெருவில் கத்தினேன்.

"உங்களுக்கு அந்தக் காசு வேணும்! அதுக்குத்தான் கோடு இந்த வாசக்கால் மேல போகுது. ஊட்டை இடிச்சுத்தான் எடுக்கோணுமாங்ணா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கடப்பாரையை எடுத்துக் குடுத்திருப்பேனே!"

அண்ணன் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார். அது நடுவில் சிக்கிக்கொண்டது. சிக்கை எடுத்து மறுபடி சுருட்டினார். "காப்பி ஆறுது, மாப்ளையக் குடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார். நின்றிருந்தவர்கள் அந்தப் பேச்சை ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் தவறாமல் வந்தது. ஆனால் அண்ணிதான் பேருந்தில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரும், வீம்பு விடாது.

முன்பக்கத்தை இடிக்கும் நாளன்று விடிந்ததும் அண்ணன் வந்து நின்றார். பேன்ட் சட்டை இல்லை, வேட்டி. லீவு போட்டிருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமான்களைப் பின்கட்டுக்குத் தூக்கினார். ஆட்டுக்கல்லை அவரும் என் வீட்டுக்காரரும் உருட்டிக்கொண்டு போனார்கள். வாசக்காலைச் சேதமில்லாமல் எடுக்க, அதை நிறுத்திய அதே மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தோம். அடியில் கடப்பாரை போட்டு நெம்பியதும், ஒரு காரைக் கட்டியோடு காசு வெளியே வந்தது. மஞ்சள் துணி மக்கிப் போயிருந்தது. நான் தேய்த்த பளபளப்பெல்லாம் போய், மறுபடியும் கருத்திருந்தது.

"எடுத்துக்குங்ணா" என்றேன். குரலில் இன்னும் வீம்பு.

அண்ணன் வாங்கினார். துண்டால் ஒற்றினார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம் போலப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் மேஸ்திரி டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். பிறகு என் கையை இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து மூடினார்.

"புது வாசக்காலுக்கு வெச்சுக்க. சீராக் குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் நம்ம ஊட்டுல இல்ல."

"நீங்க எங்கங்ணா குடுத்தீங்க? நானா எடுத்து வெச்சதுதானே!"

"ரோட்டுல, வண்டிச் சக்கரத்துக்கிட்டப் பொறந்தவளே! இதுல சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு ஒருத்தி சாஞ்சிருக்காளே, அவ ஆருன்னு நெனச்சே?" என்றார். "இந்தத் தடவை தேய்க்காம வை."

இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நான் பேசியது தப்பு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். உடு அம்மிணி என்றார். பத்துப் பேர் காதில் போட்டதை ஒருவர் காதில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது என்று அன்றே எனக்குத் தோன்றியது. பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டினோம். அதே வாசக்காலை நிறுத்தினோம். இந்த முறை அண்ணன் நேரத்துக்கு முன்பே வந்து, "மொதல்ல அந்தத் திருநீத்து டப்பாவ எங்காச்சும் ஒளிச்சு வைங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். சக்கரக்காரியைத் தன் கையாலேயே குழிக்குள் வைத்தார்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகி மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸில் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது, கண்ணை மூடியபடியே, "இப்ப பீளமேடு தாண்டறோம். இங்க ஒரு பள்ளம் இருக்கோணுமே" என்றாராம். வண்டி குலுங்காமல் போனது. "அடச்சிட்டாங்களாட்ட இருக்குது. நல்லாப் பண்ணியிருக்கறாங்க" என்று அண்ணியிடம் சொன்னாராம். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அவருடைய நான்கு காசுகளையும் அண்ணியும் பிள்ளைகளும் கல்லூரி ஒன்றின் காட்சிப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் ஆல்பத்தை என்னிடம் காட்டினார்கள். ஐந்தாவது உறையில் காசு இல்லை. உள்ளே அண்ணனின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. "சக்கரக்காரி. தங்கச்சி வீட்டு வாசக்காலுக்குச் சீராகக் கொடுத்தது." கீழே தேதி. சாலை அகலமான வருடத்துத் தேதி அல்ல அது. நான் திருநீறு போட்டுத் தேய்த்த அதே நாளின் தேதி. பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர், அன்றைக்கே அதைக் கொடுத்துவிட்டதாக எழுதி வைத்துவிட்டார். கொடுத்துவிட்ட பொருளுக்காக எவரும் வீட்டை இடிக்க மாட்டார்கள். நான் சொன்னது பழி. இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அண்ணனை இறுதிவரை கண்ணாகக் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த அலுவலக நண்பர்களுக்கும், ஆல்பத்தோடு வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து பேசிய நாணயக்கார அன்பர்களுக்கும், துக்கம் கேட்க முதல் ஆளாகச் சாலையைக் கடந்து வந்த எதிர்க்காட்டு அம்மாவுக்கும், தூரம் பார்க்காமல் இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. நீங்கள் வந்த சாலையில் அண்ணன் போட்ட கல்லும் இருக்கிறது. நீங்கள் தாண்டி வந்த தலைவாசலுக்கு அடியில்தான் அந்தக் காசும் இருக்கிறது.

என் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் காலத்துக்குப் பின் இந்தச் சாலையை இன்னும் அகலமாக்க யாராவது டேப்போடு வருவார்கள். கோடு மறுபடியும் நம் வாசல்மேல் விழலாம். வளைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வந்தவருக்குக் காப்பி கொடுங்கள், அவர் குடித்து முடிக்கும்வரை கூட இருங்கள். காசை எடுத்து அடுத்த வாசக்காலுக்கு வையுங்கள். தேய்க்காமல் வையுங்கள்.